பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது, எதைத் துடைப்பது

எங்கள் வீட்டு பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை நாலு வருஷம் கழித்துக் கழற்றிய அன்று, இறக்கை விளிம்பில் இருந்ததைத் தூசி என்று சொல்ல மனம் வரவில்லை. துண்டு நூல், தலைமுடி, முகப் பவுடர் எல்லாம் ஈரத்தில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, கம்பளி மாதிரி கால் அங்குலத்துக்கு ஏறியிருந்தது. நகத்தால் கீறினேன், பட்டையாக உரிந்து வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒருவர் வந்து பார்த்து, "மோட்டார் போயிடுச்சு சார், புதுசு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவி மாட்டினேன், இன்றைக்கும் ஓடுகிறது.

அதிலிருந்து எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றாலும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலையாகிவிட்டது. நான் பார்த்தவரையில் கோளாறு பெரும்பாலும் காற்று வருகிற வழியிலோ போகிற வழியிலோதான் இருக்கிறது. மோட்டார் மேல் பழி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய. சுவரில் ஓட்டை போட்டு வைக்கிற 6 அங்குல, 8 அங்குல பிளாஸ்டிக் ஃபேன்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இரும்புச் சட்டம் வைத்த பழைய ஃபேனுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

தொடுவதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில பழைய வீடுகளில் சுவிட்சை, கரண்ட் வருகிற ஃபேஸ் ஒயரில் போடாமல் நியூட்ரல் ஒயரில் போட்டு வைத்திருப்பார்கள். சுவிட்ச் ஆஃப் என்று காட்டினாலும் ஃபேனுக்குள் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற வேறொரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஃபேன் ஒயரில் வையுங்கள். டெஸ்டரே செத்திருந்தால், எரியாததை வைத்து கரண்ட் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

தரை காய்ந்திருக்க வேண்டும். ஃபேன் ஏழடி உயரத்தில் இருக்கும், ஈர டைல்ஸ் மேல் பிளாஸ்டிக் ஸ்டூல் வழுக்கும். இந்த வேலையில் ஷாக் அடித்தவர்களைவிட விழுந்தவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். யாரையாவது ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, ஆவி மட்டும் போகவில்லை

குளித்து முடித்துக் கால் மணி நேரமாகியும் கண்ணாடியில் பனி படர்ந்தே இருக்கிறது, சீலிங் மூலையில் கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பிடிக்கிறது, ஆனால் ஃபேன் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதிகம் கேட்கிற புகார் இதுதான்.

ஒரு ஊதுபத்தியை ஏற்றிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திவிட்டு, ஃபேனிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். புகை கயிறு இழுத்த மாதிரி நேராக ஃபேனுக்குள் போனால் ஃபேன் நன்றாக இருக்கிறது. அலைந்து அலைந்து பாதி போய் பாதி திரும்பினால் இழுவை குறைவு. உங்கள் முகத்துக்கே வந்தால் ஃபேன் காற்றை உள்ளே தள்ளுகிறது என்று அர்த்தம். (சிரிக்காதீர்கள். பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டில் மோட்டாருக்குக் காயில் கட்ட, அதாவது உள்ளே இருக்கிற கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது எதிர்ப்பக்கம் சுற்றியது. மூன்று மாதம், பல வீட்டு பாத்ரூம் காற்றும் போகிற டக்டின் நாற்றத்தையெல்லாம் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு, பினாயில் ஊற்றி ஊற்றிப் பார்த்தார்கள். கடைசியில் காயில் முனைகளை மாற்றிப் போட்டதும் சரியாயிற்று.)

இப்போது கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்துவிட்டு மறுபடி ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். முதலில் தயங்கிய புகை இப்போது விறுவிறுவென்று போகிறதா? அப்படியானால் ஃபேனில் குறை இல்லை. அறைக்குள் காற்று வர வழியில்லை, அவ்வளவுதான். உள்ளே வராத காற்றை எந்த ஃபேனாலும் வெளியே தள்ள முடியாது. பிவிசி கதவு வந்த பிறகு இது அதிகமாகிவிட்டது. போதாக்குறைக்கு, கரப்பான் வரக்கூடாது என்று கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வேறு ஒட்டிவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. 5-க்கு 8 அடி பாத்ரூம், 9 அடி உயரம் என்றால் 360 கன அடி, சுமார் 10 கன மீட்டர் காற்று. 6 அங்குல ஃபேன் ஒன்று மணிக்கு 200 கன மீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை அறைக் காற்று முழுசாக மாற வேண்டும். அதில் பாதிதான் தள்ளுகிறது என்றாலும் தாராளம். ஆகவே "சின்ன ஃபேனா வாங்கிட்டோம், பெருசா மாத்தலாம்" என்று கிளம்புவதற்கு முன்னால், கதவுக்கு அடியில் அரை முதல் முக்கால் அங்குல இடைவெளி விட்டுப் பாருங்கள். விட முடியாத கதவென்றால் கீழ்ப்பகுதியில் சாய்வுப் பட்டைகள் வைத்த சின்ன ஜன்னல் ஒன்றை தச்சர் பொருத்திக் கொடுப்பார். கரப்பான் பயம் இருந்தால் உட்பக்கம் வலை அடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, குளித்து முடித்ததும் ஃபேனையும் சேர்த்து அணைத்துவிட்டு வருகிற பழக்கம். ஈரம் சுவரிலும் தரையிலும் நிற்கிறது, அது காய இருபது நிமிஷமாவது காற்று போக வேண்டும். கரண்ட் பில்லுக்கு பயந்தால்: 30 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாசத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது.

கதவைத் திறந்தும் புகை சோம்பலாகத்தான் போகிறது என்றால், சரி, கழற்ற வேண்டியதுதான்.

கழற்றிக் கழுவுவது

முதலில் வெளிப்பக்கம் பாருங்கள். கொசுவுக்காகச் சன்னமான நைலான் வலை அடித்திருக்கிறார்களா? அடித்திருந்தால் குற்றவாளி அதுதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். அந்தச் சின்னக் கண்களில் நூலும் பிசுக்கும் ஒட்டி ஆறே மாதத்தில் துணி மாதிரி மூடிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரிய கண் வைத்த கம்பி வலை போடுங்கள், அல்லது கழற்றி மாட்டுகிற மாதிரியாவது போடுங்கள்.

அடுத்தது பின்பக்க ஷட்டர். ஃபேன் ஓடும்போது காற்றுக்குத் திறந்து, நின்றதும் தானே மூட வேண்டிய பட்டைகள். ஒவ்வொரு பட்டையையும் விரலால் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழ வேண்டும். பாதியில் நின்றால் அதன் இரு ஓரத்து ஊசிமுனைகளில் பிசுக்கு பிடித்திருக்கிறது. பழைய டூத் பிரஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள், அது அடுத்த மாதமே இன்னும் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இறக்கையைக் கழற்றுவதில்தான் பலர் உடைத்துவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் மூடி, டேபிள் ஃபேனில் இருப்பது போல, பெரும்பாலும் எதிர்மரை. நாம் வழக்கமாக ஸ்க்ரூவை இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் இது கழலும். மூடி மேலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள், தூசியைத் துடைத்தால் தெரியும். அப்படியும் அசையவில்லை என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு நிமிஷம் அதன் மேல் சுற்றி வைத்துவிட்டு மறுபடி திருப்புங்கள். கட்டிங் பிளேயரைக் கொண்டு போகாதீர்கள். அது கடித்த இடத்தில் பிளாஸ்டிக் நொறுங்கும்.

இறக்கை, முன் கிரில், ஷட்டர் மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். கம்பளி மாதிரி இருந்தது கஞ்சி மாதிரி இளகிவிடும். கொதிக்கிற தண்ணீர் விட்டால் இறக்கை வளையும். தின்னர், பெட்ரோல், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற கக்கூஸ் ஆசிட் எதுவும் வேண்டாம். எல்லா இறக்கையையும் ஒரே மாதிரி துடையுங்கள். மூன்றைப் பளபளவென்று துடைத்துவிட்டு நாலாவதில் ஒரு கட்டியை விட்டால் ஃபேன் ஆட ஆரம்பிக்கும். துடைக்கும்போதே நடுக்குமிழைச் சுற்றி மயிரிழை விரிசல் ஏதும் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த இறக்கையைத் திரும்ப மாட்டாதீர்கள்.

மோட்டார் மேல் தண்ணீர் படக்கூடாது. உலர்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி, துணியால் துடைத்தால் போதும். எல்லாம் நன்றாகக் காய்ந்ததும் மாட்டி, கரண்ட் கொடுப்பதற்கு முன் விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். சத்தமில்லாமல் சில சுற்றுச் சுற்றித் தானாக நிற்க வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு முறை செய்தால் ஊற வைக்கிற வேலையே இருக்காது, துடைத்தாலே வந்துவிடும். எங்கள் வீட்டில் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று.

ஃபேன் போட்டால்தான் நாற்றம் வருகிறது

இது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் காரணம் தெளிவானது. ஃபேன் வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவு இறுக்கமாக இருந்தால் அடுத்த சுலபமான வழி தரையில் இருக்கிறது: தண்ணீர் போகிற ஜாலி. அதற்கடியில் இருக்கிற டிராப்பில், அதாவது எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிற வளைவில், தண்ணீர் நிற்கும்வரை சாக்கடைக் காற்று மேலே வராது. அந்தத் தண்ணீர் வற்றிவிட்டால் ஃபேன் சாக்கடையையே உறிஞ்சும்.

விருந்தாளிகளுக்கு என்று வைத்திருக்கிற, மாதக்கணக்கில் யாரும் போகாத பாத்ரூமில், அதுவும் சித்திரை வெயிலில், இது கட்டாயம் நடக்கும். மருந்து, ஜாலியில் ஒரு பக்கெட் தண்ணீர். அவ்வளவுதான். அடிக்கடி பூட்டிக்கிடக்கும் அறை என்றால் தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு கரண்டி சமையல் எண்ணெயை மேலே விட்டுவிடுங்கள். அது படலமாக மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தள்ளிப்போடும். வாஷ்பேசின் குழாய் தரையில் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் வெறும் ஓட்டையாக இருந்தால், அதுவும் ஒரு வாசல்தான், அடைத்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றியும், ஃபேன் அணைத்திருக்கும்போதே நாற்றம் வருகிறதா? சமையலறையைப் பாருங்கள். அங்கே சிம்னி ஓடுகிறது, ஜன்னல்களெல்லாம் ஏசிக்காகச் சாத்தியிருக்கிறது என்றால், சிம்னி தனக்கு வேண்டிய காற்றை பாத்ரூம் ஃபேன் ஓட்டை வழியாக இழுக்கும். சிம்னியின் இழுவை பாத்ரூம் ஃபேனைப் போலப் பல மடங்கு. நாலு வீட்டு பாத்ரூம் காற்றும் போகிற டக்டில்தான் நம் ஃபேனும் திறக்கிறது என்றால், சாம்பார் கொதிக்கும்போது ஹாலில் பக்கத்து வீட்டுச் சோப்பு வாசனை வரும். சமையலறை ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்துவிட்டால் நின்றுவிடும். ஷட்டர் முழுசாக மூடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லியாக வேண்டும். பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிறவர்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். காற்றோட்டம் போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மயங்கி விழுகிறவருக்கு விழுவது தெரியாது. கீசரை வெளியே மாற்றும்வரை, பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றாட விட்டு, அப்புறம் குளிக்கப் போங்கள்.

உம்ம்ம் என்று உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணைத்துவிடுங்கள். சுற்றாமல் நிற்கிற மோட்டாருக்குள் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் காயில் சூடேறிக் கருகும். "கொஞ்ச நேரம் போட்டு வெச்சா தானா பிக்கப் ஆயிடும்" என்று விட்டு வைத்துத்தான் பல ஃபேன்கள் செத்தன.

எம்சிபியை இறக்கிவிட்டு விரலால் இறக்கையைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் புஷ், அதாவது இறக்கை மாட்டியிருக்கிற தண்டை (ஷாஃப்ட்) தாங்குகிற உலோக வளையம், காய்ந்து பிடித்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு சுற்றினால் சந்தேகம், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கண்டன்சர் (கெபாசிட்டர்) மேல். அதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கரண்ட் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று, நீளமான காய்ந்த மரக்குச்சியால் இறக்கையை லேசாக ஒரு தள்ளு தள்ளுங்கள். விரல் வேண்டவே வேண்டாம். தள்ளிய பக்கம் ஓட ஆரம்பித்து, அணைத்துவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளினால் அந்தப் பக்கமும் ஓடினால் கண்டன்சர் போய்விட்டது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்வதே அதுதான்.

கண்டன்சர் மேல் அச்சடித்திருக்கிற மைக்ரோஃபேரட் எண்ணையும் வோல்ட்டையும் குறித்துக்கொண்டு அதே அளவு வாங்குங்கள். பழசை போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் கடையில் பேச்சே வேண்டாம். பெரிய எண் போட்டால் வேகம் கூடும் என்று சிலர் போடுகிறார்கள். கூடுவது காயில் சூடுதான். பழசைக் கழற்றும் முன், கரண்ட் இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். வெறும் கையால் இரு முனையையும் தொடக்கூடாது. சில சின்ன ஃபேன்களில் கண்டன்சரே இருக்காது. அதில் இந்த அறிகுறி வந்தால் புஷ்ஷை மட்டும் பாருங்கள்.

புஷ்ஷுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு போதும். ஷாஃப்ட் மோட்டாருக்குள் நுழைகிற இடத்தில் விட்டு, கையால் முன்னும் பின்னும் சுற்றி, துணியால் துடைத்து, கால் மணி விட்டு இன்னொரு சொட்டு. உள்ளே இருக்கிற கம்பளி வளையம் அதைக் குடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. விட்ட அன்று பிரமாதமாக ஓடும். மார்கழியில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்கிற எண்ணெய் அது, நாளாக ஆகக் கோந்து மாதிரி இறுகும். துரு நீக்குகிற ஸ்ப்ரேயும் அப்படித்தான். பிடித்ததை இளக்கும், கூடவே இருந்த எண்ணெயையும் கழுவிவிடும். அடித்தால் பின்னாலேயே மெஷின் எண்ணெயும் விட வேண்டும். பால் பேரிங் வைத்த மூடிய மோட்டாருக்கு எதுவும் விட வேண்டாம். பேரிங் போனால் பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

சத்தம்

சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடலாம். கிறீச் என்றால் புஷ், மேலே சொன்ன எண்ணெய். கரகர என்று அரைத்தால் பேரிங். படபட என்றால் ஷட்டர். ஆடிக் காற்றில் ஃபேன் அணைத்திருக்கும்போதே ராத்திரி முழுக்கப் படபடத்தால் அதுவும் ஷட்டர்தான், பட்டை விழுகிற ஓரத்தில் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டினால் அடங்கும். முழு ஃபேனும் சுவரோடு அதிர்ந்தால் சட்டத்து ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றன, அல்லது இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் அழுக்கு.

திடீரென்று டக் டக் டக் என்று சீராக அடித்தால் அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் அது பல்லி. வால் மட்டும் சட்டத்துக்கும் இறக்கைக்கும் நடுவே மாட்டியிருந்தது, பல்லியைக் காணோம். குளவி மண்கூடு கட்டியிருந்தாலும் இதே சத்தம்தான்.

கொஞ்ச நேரம் ஓடித் தானே நின்றுவிடுகிறது

ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறதா? மோட்டார் சூடாகிறது. அழுக்கு இறக்கை, காய்ந்த புஷ், பலவீனமான கண்டன்சர் இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். ஒரேயடியாக நின்று, உறுமல்கூட இல்லை, ஒயர் முனை வரை கரண்ட் வருகிறது என்றால் காயிலுக்குள் இருக்கிற தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாக ஒயரை இணைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். கருகல் வாசனை வந்தால் சோதனையெல்லாம் கிடையாது. அணைத்துவிட்டு, சரி பார்க்கும்வரை சுவிட்ச் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாரும் போட்டுவிடாமல்.

போட்டதும் டிரிப் ஆகிறது

கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி டிரிப் ஆனால் எங்கோ கரண்ட் கசிகிறது. கழுவியபோது மோட்டாரில் தண்ணீர் போயிருக்கலாம், சாரல் ஒயர் இணைப்பை நனைத்திருக்கலாம். இரண்டு நாள் கழற்றிக் காய வைத்தும் டிரிப் ஆனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது வீட்டு வைத்தியத்துக்கான இடம் இல்லை.

மழைத் தண்ணீர், புறா

ஐப்பசி மழையில் ஃபேன் வழியே சாரல் வந்தால், வெளியே ஒரு பிளாஸ்டிக் கூண்டு மூடி போடலாம். திறப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். சட்டத்தைச் சுற்றிச் சுவரில் இருக்கிற இடுக்கையும் சிலிக்கான் வைத்து அடையுங்கள். அடிப்பக்கம் மட்டும் சின்ன இடைவெளி விட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வடியும். புறாவுக்கு அரை அங்குலக் கண் கம்பி வலை. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறக்கும்வரை சுவிட்சைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் நாங்கள் செய்வது.

புதுசே வாங்குவதென்றால்

காயில் கருகிய பெரிய இரும்பு ஃபேனைக் கட்டக் கொடுக்கலாம். சின்ன பிளாஸ்டிக் ஃபேனுக்கு அந்தக் கூலி கட்டுபடியாகாது. வாங்கப் போகும்போது 6 அங்குலம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கி வராதீர்கள். அது இறக்கை அளவு. சுவரில் போட்டிருக்கிற ஓட்டை அதைவிடப் பெரியது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஓட்டையின் அகலம், உயரம், சுவர்க் கனம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய சட்டத்தையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. நான் அளக்காமல் வாங்கி வந்த ஃபேன் ஒன்று அரை அங்குலம் பெரிதாக இருந்தது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை, கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைச் செதுக்கியதில் ஃபேன் விலையில் பாதி போயிற்று.